கரிசல் மண் ஏன் வெடிக்கிறது? வயலுக்கு வரம், வீட்டுக்கு வில்லங்கம் ஆவது எப்படி?

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் சாத்தூர், கோவில்பட்டி பக்கம் வந்ததும் ஒரு மாற்றத்தைக் கவனித்திருக்கலாம். சாலையின் இரண்டு பக்கமும் மண் கறுத்துவிடும். சித்திரை வெயிலில் பார்த்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கையை முழங்கை வரை விடலாம். அதே நிலத்தை ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்தால் ஒரு வெடிப்புகூட இருக்காது. செருப்போடு இறங்கினால் கால் மட்டும்தான் மேலே வரும், செருப்பு சகதிக்குள் தங்கிவிடும்.

இரண்டுமே ஒரே மண்தான். பெயர் கரிசல். பள்ளிப் பாடப்புத்தகத்தில் 'ரெகூர்' என்றும் 'கருப்புப் பருத்தி மண்' என்றும் படித்தது இதைத்தான். இன்றைக்கு இந்த மண்ணில் உளுந்தும் மக்காச்சோளமும் விளைவதோடு, சாலையோரம் வரிசையாக மனைக் கற்களும் நடப்படுகின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, லோன் போட்டு ஊர்ப்பக்கம் ஒரு மனை வாங்கும் இளைஞர்கள் அதிகம். அவர்களில் எத்தனை பேர் வாங்கும் இடத்தின் மண்ணைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கரிசல் எங்கே இருக்கு?

தமிழ்நாட்டில் கரிசல் என்றாலே நினைவுக்கு வருவது தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரம். விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், அருப்புக்கோட்டை, தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில், ராமநாதபுரத்தின் கமுதி என்று அது விரிந்து கிடக்கிறது. கோவை, பெரம்பலூர் பகுதிகளிலும் உண்டு.

நிலத்தின் அமைப்பைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். மேடான சரிவுகளில் செவல் மண் இருக்கும். சரிவு இறங்கித் தட்டையாகும் இடத்தில், தண்ணீர் மெதுவாக வடியும் இடத்தில் கரிசல் தொடங்கும். ஒரே ஊரில் மேற்கே செவக்காடு, கிழக்கே கரிசக்காடு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கறுப்பு நிறம் எப்படி வந்தது?

'மண் கறுப்பா இருந்தா சத்து ஜாஸ்தி' என்பது பரவலான நம்பிக்கை. கரிசல் விஷயத்தில் அது பாதி உண்மைதான். சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாஷ் இதில் நன்றாகவே இருக்கும். ஆனால் மக்கிய இலைதழையால் வரும் கரிமச் சத்தும் தழைச்சத்தும் பெரும்பாலும் குறைவு. இருக்கும் கொஞ்சம் மக்குப்பொருள் களித்துகள்களோடு இறுக ஒட்டிக்கொள்வதால்தான் மண் அவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது.

மகாராஷ்டிரத்துக் கருப்பு மண் பெரும்பாலும் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையிலிருந்து வந்தது. நம்ம ஊர்க் கரிசலுக்கு எரிமலைக் கதை பொருந்தாது. இங்கே அடியில் இருப்பது பழமையான நைஸ் வகைப் பாறைகள். அவை சிதைந்தபோது வெளிவந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் மழை அதிகமுள்ள ஊராக இருந்திருந்தால் அடித்துப் போயிருக்கும். இங்கே மழை குறைவு, வடிகாலும் மெதுவு. அதனால் அவை தாழ்வான இடங்களில் தங்கி, ஒரு தனி வகைக் களிமண்ணை உருவாக்கின. கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் கிடைப்பதும் அதனால்தான்.

சரி, ஏன் வெடிக்குது?

பதில் அந்தக் களிமண்ணில் இருக்கிறது. அதன் பெயர் மாண்ட்மோரில்லோனைட். இதன் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. ஒவ்வொரு துகளும் சீட்டுக்கட்டு மாதிரி, மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. மழை பெய்தால் தண்ணீர் ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் புகுந்து கட்டை விரிக்கும். மண் வீங்கும். வெயில் அடித்தால் தண்ணீர் வெளியேறி, தகடுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மண் சுருங்கும். சுருங்கிய மண்ணுக்குப் பழைய இடத்தை நிரப்ப முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் வெடிப்பு. அது ஒரு மீட்டருக்கும் கீழே போவது உண்டு.

இதில் இன்னொரு விஷயம் நடக்கிறது. கோடையில் மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. மழையில் வெடிப்பு மூடும்போது உள்ளே விழுந்த மண்ணுக்கும் சேர்த்து இடம் வேண்டும். அதனால் அடிமண் நெருக்கப்பட்டு மேலே தள்ளப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி மேல்மண் கீழும், கீழ்மண் மேலுமாகப் புரள்கிறது. தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்வது இதனால்தான். மண்ணியலாளர்கள் இந்த வகைக்கு வைத்த பெயர் 'வெர்டிசால்'. புரளுதல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

மழைக்கும் கரிசலுக்கும் என்ன கணக்கு?

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை பிடித்துக்கொள்கிறது. கரிசல் வட்டாரம் மழை மறைவுப் பக்கம். கோவில்பட்டிப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் பாதி. அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான். ஆற்றுப் பாசனமும் பெரிதாக இல்லை. 'வானம் பார்த்த பூமி' என்ற பேச்சு சும்மா வரவில்லை. காய்ந்த வானிலைதான் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்றக் காரணங்களில் ஒன்று.

இவ்வளவு குறைந்த மழையில் விவசாயம் எப்படி நடக்கிறது? கரிசல் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஒரு மீட்டர் ஆழமுள்ள கரிசல், பயிர் உறிஞ்சக்கூடிய ஈரமாக 150 முதல் 250 மில்லிமீட்டர் வரை பிடித்துவைக்கும். மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் பயிர் அந்த ஈரத்தில் வாழும். கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி, மிளகாய், பருத்தி எல்லாம் மானாவாரியாக விளைவது இந்த நம்பிக்கையில்தான். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இந்த மண்ணுக்கென்றே பழகிய ரகம். கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதற்கும் பின்னணி பருத்தியும் மானாவாரியும்தான்.

விதைப்பிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால் ஏரும் டிராக்டரும் நிலத்துக்குள் இறங்க முடியாது. ரொம்பக் காய்ந்தால் கல் மாதிரி கெட்டி. அதனால் மழைக்கு முன்பே புரட்டாசிப் புழுதியில் விதைத்துவிடுவார்கள். மழை சொன்ன நேரத்துக்கு வந்தால் விளைச்சல். தள்ளிப்போனால் விதை போச்சு.

மழை மாறினால் மண் என்ன செய்யும்?

கரிசலுக்குத் தேவை நிதானமான மழை. முதல் மழையை வெடிப்புகள் வேகமாக விழுங்கும். ஆனால் மண் வீங்கி வெடிப்பு மூடிவிட்டால், அதற்குப் பிறகு தண்ணீர் உள்ளே இறங்கும் வேகம் மிகக் குறைவு. மேலே நிற்கும், இல்லையென்றால் ஓடிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கரிசல் வட்டாரமும் தப்பவில்லை. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழை ஒன்றிரண்டு நாளில் பெய்தால், கரிசல் அதைச் சேமிக்காது. வயலில் தேங்கும் தண்ணீர் வேருக்குக் காற்றில்லாமல் செய்து பயிரை அழுகவைக்கும். ஆண்டு மொத்த மழைக் கணக்கு நன்றாக இருந்தும் விவசாயி நஷ்டப்படுவது இப்படித்தான். ஓடுகிற தண்ணீரைப் பிடிக்கக் கண்மாயும் பண்ணைக்குட்டையும் வேண்டும் என்பது இங்கே மண்ணே சொல்லும் பாடம்.

வீட்டுச் சுவரில் ஏன் விரிசல்?

வயலில் நடப்பதுதான் வீட்டுக்கு அடியிலும் நடக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள மண் மழையில் நனைந்து வீங்கும். வீட்டுக்கு நடுவில் உள்ள மண் அவ்வளவு நனையாது. ஓரம் மேலே தூக்க, நடு அப்படியே இருக்க, சுவர் கோணலாக இழுபடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், மழைக்காலத்தில் மட்டும் இறுகும் கதவு, உப்பிக்கொண்டு வரும் தரை டைல்ஸ்... எல்லாம் இதன் அடையாளங்கள். பெரிய கட்டடத்தைவிட, எடை குறைந்த ஒற்றை மாடி வீடும் காம்பவுண்டு சுவரும்தான் அதிகம் பாதிக்கப்படும். மண்ணின் தள்ளலை அமுக்கிப் பிடிக்கும் எடை அவற்றுக்கு இல்லை.

சுவரை ஒட்டிக் கசியும் குழாயும், சுவரை ஒட்டி வளரும் பெரிய மரமும் நிலைமையை மோசமாக்கும். ஒன்று ஒரு பக்கத்தை ஈரமாக்கும், இன்னொன்று ஒரு பக்கத்தை உறிஞ்சி உலர்த்தும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் விரிசல் மறையும். அடுத்த பருவத்தில் திரும்ப வரும்.

கட்டும் முன் என்ன செய்யணும்?

* முதலில் மண் பரிசோதனை. 'ஃப்ரீ ஸ்வெல்' என்ற சோதனை மிக எளிது. உலர்த்திச் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. அதில் 10 மில்லி இருக்கும் மண், தண்ணீரில் 16 மில்லியாக நின்றால் வீக்கம் 60 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே மிக அதிகம் என்று கணக்கு.

* அஸ்திவாரம், ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் மேல்மண்ணைத் தாண்ட வேண்டும். ஆழமான கரிசலில் இது சுமார் மூன்றரை மீட்டர் வரை போகும். அடியில் குமிழ் போல விரியும் 'அண்டர்-ரீம்டு பைல்' இதற்காகவே வந்தது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கிய முறை இது.

* கரிசல் ஆழம் குறைவாக இருந்தால் அதை அள்ளிவிட்டு, வீங்காத மண்ணைக் கொட்டி இறுக்கலாம். சுண்ணாம்பு கலந்தும் வீக்கத்தைக் குறைக்கலாம். எது பொருந்தும் என்பதை மண் அறிக்கையைப் பார்த்து இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.

* வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரியும் தளம் போட்டு, மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்காமல் வெளியேற்ற வேண்டும்.

பத்திரத்தில் இல்லாத ஒரு வரி

மனைப் பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், நான்கு எல்லை இருக்கும். மண் எப்படிப்பட்டது என்று ஒரு வரி இருக்காது. வாங்குபவர் அதைத் தெரிந்துகொள்வது சுவர் பிளந்த பிறகுதான். மனைப் பிரிவுக்கு அனுமதி தரும்போதே மண் பரிசோதனை முடிவையும் வரைபடத்தோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்வது பெரிய காரியம் இல்லை. கரிசல் மாவட்டங்களிலாவது இதைத் தொடங்கலாம்.

அதைவிட முக்கியமாக யோசிக்க வேண்டியது வேறு. கரிசலின் வீக்கமும் வெடிப்பும் ஒரு கட்டடத்துக்குத்தான் குறை. வயலுக்கு அதுதான் பலம். 700 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு பயறும் பருத்தியும் தரக்கூடிய மண்ணை, 'வெறும் மானாவாரிதானே' என்று மலிவாக விற்பதும், சும்மா போட்டுச் சீமைக் கருவேலத்துக்கு விடுவதும் லாபக் கணக்கு இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இந்த வட்டாரப் பேச்சுக்கென்றே ஒரு அகராதி தொகுத்தார். அந்தச் சொற்கள் உழுதும் விதைத்தும் பேசியவர்களின் வாயில் வளர்ந்தவை. மனை வாங்கப் போகிறவர்கள் அந்த ஊர்ச் சம்சாரி ஒருவரிடம் 'இது செவலா, கரிசலா, எத்தனை அடிக்குக் கரிசல்?' என்று கேட்டுப் பார்க்கலாம். பரிசோதனைக் கூடத்துக்குப் போவதற்கு முன்னாலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.