ஏலக்காய் மறைக்கும் ரகசியம்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்குகள் பக்கம் ஒரு தடவை நடந்து பாருங்கள். வாசற்படி, கோணிச் சாக்கு, வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்களின் சேலைத் தலைப்பு என்று எல்லாவற்றிலும் அந்த மணம் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே உட்கார்ந்து காயைப் பருமன், நிறம் பார்த்துத் தரம் பிரிப்பவர்கள் பெண்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டங்களில் காய் பறித்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வருகிறவர்களும் பெண்கள்தான்.

இப்படிப்பட்ட ஊரில் வாய் நாறுகிறது என்று யாராவது கவலைப்படுவார்களா? ஒரு காயைப் பிளந்து நாலு விதையை வாயில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது விஷயம்! போடியில் மட்டுமா? நம் வீட்டு அலமாரியிலும் ஒரு டப்பா ஏலக்காய் இருக்கத்தானே செய்கிறது? கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது ஒன்றை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்ளாதவர் யார்?

அங்கேதான் வம்பு வருகிறது. ஏலக்காய் நாற்றத்தைச் சற்று நேரம் மறைக்கும். நாற்றத்தின் காரணத்தைத் தொடவே தொடாது. நாள்பட்ட வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலிருந்தே கிளம்புகிறது. முக்கியமாக, நாக்கின் பின்புறத்தில் படியும் அழுக்கிலிருந்தும், நோய் கண்ட ஈறுகளிலிருந்தும். ஈறு நோய்க்கு இன்னொரு துர்க்குணம் உண்டு. அது வலிக்காது! பல் சொத்தையாவது ஒரு நாள் நடுநிசியில் வீட்டையே எழுப்பிவிடும். ஈறு நோயோ சத்தம் போடாமல் வேரைத் தாங்கும் எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். அது நமக்கு அனுப்பும் தகவல் இரண்டே இரண்டு: துலக்கும்போது கொஞ்சம் இரத்தம், வாயில் கொஞ்சம் நாற்றம். இரத்தத்தைக் கண்டு பயந்து அந்த இடத்தைத் துலக்குவதை விட்டுவிடுகிறோம். நாற்றத்தை ஏலக்காயால் மூடிவிடுகிறோம். தகவல் சொல்ல வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால், விஷயம் எப்படித் தெரியும்?

பன்னிரண்டு பேர் பல் துலக்கவில்லை

ஈறில் ஏன் இரத்தம் வருகிறது? "உடம்புச் சூடு" என்பார் மாமியார். "சத்துக் குறைவு" என்பார் அடுத்த வீட்டு அம்மாள். இதற்கு ஆராய்ச்சி மூலம் தெளிவான விடை கண்டவர் நார்வே நாட்டுப் பல் வைத்தியர் ஹரால்ட் லோ. 1965-ல் டென்மார்க்கில், நல்ல ஈறுகள் உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். இரண்டு மூன்று வாரங்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. மறுபடி ஒழுங்காகத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் எல்லாம் பழையபடி! சூடுமில்லை, சாபமுமில்லை. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் மாவு போல ஒட்டும் கிருமிப் படலந்தான் காரணம். அதை அன்றாடம் துடைத்தால் போய்விடும். விட்டுவைத்தால் உமிழ்நீரிலுள்ள உப்புக்கள் சேர்ந்து காரையாக இறுகிவிடும். பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதைப் பெயர்க்க முடியாது. பல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

துலக்காமலே வருஷக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும்? அந்தக் கதை நம்மவர்கள் வாயிலேயே எழுதப்பட்டிருக்கிறது. போடிக்கு மேலே ஏலமலை போல, இலங்கையில் தேயிலை மலை. அங்கே இரண்டு தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் பற்களை, 1970 முதல் 1985 வரை பதினைந்து ஆண்டுகள் லோவும் அவருடைய குழுவினரும் பலமுறை சோதித்துப் பார்த்தார்கள். பிரஷ் தொட்டறியாதவர்கள், பல் டாக்டரையே கண்டறியாதவர்கள் அவர்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பல்லில் சொத்தை அநேகமாக இல்லவே இல்லை! ஆயினும் நூற்றுக்கு 8 பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் பற்கள் எல்லாமே போய்விட்டன. 81 பேருக்கு நோய் மெதுவாக வளர்ந்து, அதே வயதில் சராசரி 7 பற்கள் நஷ்டம். மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றது.

சொத்தையில்லாத பல்லும் விழும் என்பதை யோசித்துப் பாருங்கள். வீடு கெட்டியாக இருந்து அஸ்திவாரம் அரித்துப்போன கதைதான். "எனக்குப் பல்லில் ஓட்டை ஒன்றுகூட இல்லை" என்று பெருமைப்படும் சகோதரிகள் கண்ணாடி முன் நின்று ஈறையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் இரண்டு மறைப்புத் திரைகள்

ஏலக்காய்க்கு அடுத்தபடி கிராம்பு. சொத்தைப் பல்லில் கிராம்புத் தைலம் தடவினால் வலி அடங்குவது உண்மை. அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பை மரக்கச் செய்கிறது. பல் டாக்டர்களும் அதை உபயோகிப்பதுண்டு. ஆனால் வலி நின்றதும் "சரியாகிவிட்டது" என்று டாக்டரை மறந்துவிடுகிறோமே, அதுதான் தப்பு. ராத்திரிப் பொழுதைக் கழிக்கக் கிராம்பு போதும். பொழுது விடிந்தால் டாக்டர் வேண்டும்.

மூன்றாவது திரை மிகப் பொல்லாதது: புகையிலை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பாட்டியம்மாளிடம் வெற்றிலையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், "அது இல்லாம அந்தக் குளிருல எப்படி நிக்கிறது தாயி? பசியும் தெரியாது, பல்லுவலியும் தெரியாது" என்பார். நியாயந்தான்; மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று காய் பறிக்கும் கையை நாம் குறை சொல்லலாகாது. ஆனால் "தெரியாது" என்று அவர் சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் நம்மை உறுத்த வேண்டும். பீடி சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு ஈறில் இரத்தக் கசிவுகூடக் குறைந்துவிடும். எலும்பு கரைவது மட்டும் நிற்காது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் உறுதி செய்துவிட்டது. பாக்கு மெல்லும் பழக்கமுள்ளவர்களுக்குக் காரம் பட்டால் வாய் எரிந்தாலோ, வாய் முன்போல அகலத் திறக்க வராமல் போனாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தாலோ, மறுநாளே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு பல்லா?

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லைக் கொடுத்தேன்" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்வதில்லை. கர்ப்ப காலத்தில் உடம்பில் நேரும் மாறுதலால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். மசக்கையில் வாந்தி எடுக்கும்போது புளிப்பு நீர் பல்லை அரிக்கும். வாந்தி எடுத்தவுடன் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்துத் துலக்கினால் போதும். பிள்ளைத்தாய்ச்சி பல் டாக்டரிடம் போகக் கூடாது என்பதும் வீண் பயம். கர்ப்பம் என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். நடு மூன்று மாதங்கள் சிகிச்சைக்குச் சௌகரியமானவை.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால் ஈறில் இரட்டைக் கவனம் தேவை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுப்பட மறுக்கும்.

"பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப்போகும்" என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. ஆடுகிற பல்லைக் காரைதான் இதுவரை சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் உள்ள நிலைமை வெளியே தெரிகிறது, அவ்வளவே!

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று. ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நாலு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று அம்மாக்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். அவை ஆயுளுக்கும் உள்ள பற்கள்! போனால் போனதுதான். மிட்டாயை ஒரே வேளையில் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கும் பிள்ளையைவிட, நாள் முழுதும் ஒவ்வொன்றாகச் சப்பும் பிள்ளைக்கே சொத்தை அதிகம். இனிப்புத் தேநீரை மணிக்கொரு தரம் குடிக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

செய்ய வேண்டியது

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் நம் முன்னோர் புகழ்ந்தது வீணல்ல. அன்றாடம் தேய்த்ததால் அவர்களுக்குப் பலன் கிடைத்தது. இன்று மிருதுவான பிரஷ்ஷும் ஃப்ளோரைடு கலந்த பற்பசையும் அதைவிட எளிது. செங்கல் தூளும் கரித்தூளும் பல்லின் மேல் பூச்சைத் தேய்த்துவிடும், வேண்டாம்.

காலையில் ஒரு தரம், இரவு படுக்குமுன் ஒரு தரம், இரண்டிரண்டு நிமிஷம் துலக்குங்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவை விடாதீர்கள். பிரஷ்ஷைச் சாய்த்து, ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் மெதுவாக அசைக்க வேண்டும். இரத்தம் வரும் இடத்தை ஒதுக்காமல் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு அரிசியளவு பசை, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு. பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள்.

தோட்டத்துப் பெண்ணுக்கு டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகிறது. நகரத்து இல்லத்தரசிக்கோ "அவருக்கு டிபன், பிள்ளைக்குப் பரீட்சை" என்று நாள் போகிறது. இருவரும் கடைசியில் போய் நிற்பது பல்லைப் பிடுங்கத்தான். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் பல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு காலைப் பொழுதை உங்கள் பல்லுக்கென்று ஒதுக்குங்கள். வீட்டில் வேலை செய்ய வருகிற அம்மாளையும் போய் வரச் சொல்லுங்கள். அன்றைக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

ஏலக்காயைப் பாயசத்தில் தாராளமாகப் போடுங்கள். அதற்கு அந்த வேலையே போதும்.