முதல் வெற்றியை அளித்தது யார்?

‘புதிதாக ஆட வருவோர்க்குப் பத்துக் குறிப்புகள்’ என்பது போன்ற தலைப்புகளில் தமிழில் குவிந்துகிடக்கும் காணொளிகளை இலக்கிய அன்பர்கள் எவரும் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. கருதியாக வேண்டும் என்பது என் கட்சி. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், யாரும் அதட்டாமல், மதிப்பெண்ணுக்காக அல்லாமல், முதலிலிருந்து முடிவு வரை செவிமடுக்கும் தமிழ் உரைநடை ஒன்று உண்டென்றால் அது இந்தக் குறிப்புகள்தாம். பாடநூல் அன்று, நாம் எழுதுவது நிச்சயமாக அன்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் உரிமையை யார் கையில் விட்டுவைத்திருக்கிறோம் என்று அறியவேனும் அவற்றில் சிலவற்றைப் பார்க்கத்தான் வேண்டும்.

நான் பார்த்தேன். பப்ஜி, அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ஆகியவற்றைப் பற்றியவையே மிகுதி. சொல்லப்படும் குறிப்புகளில் பிழையொன்றும் இல்லை. கூட்டம் குதிக்கும் இடத்தில் குதிக்காதே, இறங்கியதும் முதலில் ஒரு துப்பாக்கியும் கவசமும் தேடு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு காலடியோசையைக் கவனி, ஜோன் சுருங்குவதற்கு முன்னரே உள்ளே போய்விடு, வெட்டவெளியில் ஓடாதே, விழுந்த கூட்டாளியைத் தூக்கப் போகுமுன் சுற்றிலும் பார். எல்லாம் சரியான பேச்சு. நல்ல ஆசான் பிழைபடச் சொல்லமாட்டான். ஆனால் நல்ல ஆசான் மறைக்கவும் மாட்டான் அல்லவா? என் சண்டை அவர்கள் சொன்னதோடு அன்று, சொல்லாமல் விட்டதோடு.

நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கடைசியில் ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சும் ஆட்டம் என்று நம்பிப் புதியவன் உள்ளே போகிறான். அவனுடைய தொடக்க ஆட்டங்களில் அந்த நூறு பேரில் கணிசமானோர் மனிதர்களே அல்லர். நிரல் இயக்கும் பொம்மைகள். பையன்கள் ‘பாட்’ என்கிறார்கள். சுடுவதற்காக நடுவெளியில் நின்றுவிடும், குறி தவறிச் சுடும், நேர்க்கோட்டில் ஓடும், செத்துப்போகும். முதல் நாளே எட்டுப் பேரையோ பத்துப் பேரையோ வீழ்த்திவிட்டுத் தனக்குக் கை வாய்த்துவிட்டது என்று பையன் எண்ணுகிறான். நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் நடுவே விடப்பட்ட புதியவன் இரண்டே நிமிடத்தில் செத்து, வெறுத்து, போய்விடுவான். 2020இல் கணினிப் பதிப்பில் பொம்மைகளைச் சேர்த்தபோது ஏறத்தாழ இந்தக் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போது, இதோ நீ வீழ்த்தியது மனிதன் அன்று என்று எந்தத் திரையும் சொல்வதில்லை. குறிப்பு வழங்கும் அண்ணன்மார் இதை அறிவார்கள். தம் ஆட்டத்தில் அப்படியொன்று எதிர்ப்பட்டால் கேலி செய்து சிரிக்கவும் செய்கிறார்கள். புதியவனிடம் முதற்குறிப்பாக அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பாட்டி தாயக்கட்டை உருட்டும்போதும் பேரனுக்கு விட்டுக்கொடுப்பாள். அதுவும் பொய் வெற்றிதானே என்று கேட்கலாம். பாட்டியின் முகம் எதிரே இருக்கிறது. அவள் வாயோரத்துச் சிரிப்பைப் பேரன் ஒருநாள் கண்டுபிடிக்கிறான். ‘நீ வேணும்னே தோத்தே’ என்று சண்டை பிடிக்கிறான். அன்றிலிருந்து மெய்யாக ஆடத் தொடங்குகிறான். ஆடுபுலியாட்டத்தில் மூன்று புலியும் பதினைந்து ஆடும் இருபத்துமூன்று புள்ளிகளில் வெளிப்படையாக நிற்கின்றன; எதிரே அமர்ந்திருப்பவன் யார் என்பதில் ஐயமில்லை. திரைக்குள் விட்டுக்கொடுப்பதற்கு முகம் கிடையாது. அதனாலேயே அதைக் கண்டுபிடிக்கும் நாளும் தள்ளிப்போகிறது.

‘சூது’ அதிகாரத்தை வள்ளுவர் தோல்வியைப் பேசித் தொடங்கவில்லை என்பதை நம் உரையாசிரியர்கள் போதிய அளவு வியக்கவில்லை என்று எனக்கொரு குறை உண்டு. அவர் தொடங்குவது வெற்றியில். இரையால் மறைந்திருக்கும் தூண்டில் முள்ளை இரையென்றே எண்ணி மீன் விழுங்குவது போன்றது அந்த வெற்றி என்கிறார். இது நீதிபோதனை என்பதைவிட, ஆட்டத்தின் உள்ளமைப்பை அறிந்த ஒருவர் புதியவனுக்குச் சொல்லும் குறிப்பு என்றே நான் வாசிக்கிறேன். தோற்காதே என்று எவரும் சொல்லிவிடலாம். நீ ஏன் வென்றாய் என்று பார் என்று சொல்வதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

துப்பாக்கி ஆட்டத்தையும் சூதாட்டத்தையும் ஒன்றாகக் குழப்புகிறேன் என்று சிலர் பாயக்கூடும். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் புதியவனை வரவேற்கும் முறை இரண்டிலும் ஒன்றே. ரம்மிச் செயலிகள் ‘வரவேற்புப் பணம்’ என்று கொஞ்சம் கொடுத்து உள்ளே அழைத்தன. கூடவே ‘முதலில் ஒரிஜினல் ரம்மியைச் சேர், பெரிய சீட்டுகளைக் கழி, கை மோசமென்றால் ஸ்கூட் விடு’ என்று குறிப்புகளும் கொடுத்தன. அவையும் பிழையான குறிப்புகள் அல்ல. அரியலூர்ச் சிமெண்ட் ஆலை வாசல்களில் சரக்கேற்றக் காத்துக் கிடந்த லாரி ஓட்டுநர்களுக்கு, எத்தனை மணி நேரம் ஆடியபின் கை நடுங்கும், எந்தத் தொகையோடு எழுந்துவிட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் வந்து சேரவில்லை. தமிழக அரசின் முதல் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் நிறைவேறிய சட்டம், ஆளுநர் திருப்பியனுப்பி மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், இத்தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. 2025இல் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை பண ஆட்டம் கூடாதென்று மாநில ஆணையம் விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து பெரிய நிறுவனங்கள் கடையைச் சாத்தின. இத்தனை ஆண்டு இழுபறியிலும், ஆடப் போகிறவனிடம் நேரில் பேசும் தமிழ் முழுவதும் விளம்பரக்காரர்களின் தமிழாகவே இருந்தது.

மத்தியச் சட்டத்தின் பார்வை பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டத்தின் மீது. துப்பாக்கி ஆட்டத்தின் பெட்டிகளில் பணம் வருவதில்லை. ஒரு பூப்போட்ட சட்டையோ துப்பாக்கிக்கு ஒரு புது வண்ணமோ வருகிறது, அதுவும் வந்தால் வரும். இப்படிக் காசு கொடுத்துத் திறக்கும் குலுக்கற்பெட்டி சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018இல் முடிவுகட்டியது. அதற்கு முன்னாண்டே, எந்தப் பொருள் எத்தனை விழுக்காட்டு வாய்ப்பில் வரும் என்பதை வெளியிட்டாக வேண்டுமென்று சீனா விதித்துவிட்டது. இங்கே நம் குறிப்பு அண்ணன்மார் பெட்டி திறப்பதையே காணொளியாக்கிக் கூவுகிறார்கள். ஐம்பது முறை திறந்து ஒருமுறை கிடைத்ததைக் கூச்சலோடு காட்டினால், பார்க்கும் பிள்ளையின் மனத்தில் நிற்பது அந்த ஒருமுறைதான். ரூபாயை முதலில் யூசி ஆக்கு, வைரம் ஆக்கு, அப்புறம் செலவழி என்று ஏன் வைத்திருக்கிறார்கள்? கையிலிருந்து போவது ரூபாய் என்பது மறந்துபோவதற்குத்தான்.

மறந்துபோவது யாருடைய ரூபாய்? 2020இல் பள்ளிகள் மூடிய பின் கைப்பேசி எங்கள் பகுதி வீடுகளுக்குள் பாடப்புத்தகத்தின் இடத்தில் நுழைந்தது. லப்பைக்குடிகாடு போன்ற ஊர்களில் தகப்பன் வளைகுடாவில், பிள்ளை தாயின் கைப்பேசியோடு. பிற ஊர்களில் மக்காச்சோளமோ பருத்தியோ விற்ற பணம் வங்கியில் விழுந்த குறுஞ்செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவனே அந்தப் பையன்தான். யுபிஐ ரகசிய எண்ணைப் போட்டுத் தந்தவனும் அவனே. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று பிஜிஎம்ஐ வைத்திருக்கும் வரம்பு, வயதை மாற்றிக் கணக்குத் தொடங்கினால் ஆறு மணி நேரமாகிவிடுகிறது என்பது பிள்ளைகளுக்குள் உலவும் குறிப்பு. தாய்க்கு எந்தக் குறிப்பும் இல்லை. கடையில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி கைப்பேசியில் அமைத்துவைக்கலாம் என்ற ஒற்றை வரியை அவளுக்குப் புரியும் தமிழில் சொல்ல ஆளில்லை.

பேசும் மொழியைப் பற்றியும் ஒன்று. 2021 ஜூனில், அப்போது தடைசெய்யப்பட்டிருந்த பப்ஜியை ஆடிக் காட்டி ஆபாசப் பேச்சோடு ஒளிபரப்பிய யூடியூபர் ஒருவரைக் காவல்துறை தர்மபுரியில் கைது செய்தது. அவரைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள் என்று தெரியவந்தபோது நம்மவர்கள் அதிர்ந்தார்கள். இரண்டு நாள் அதிர்ந்தார்கள். அந்த இடத்தில் வேறொரு தமிழை வைக்க முயன்றவர் எத்தனை பேர்? உடன் ஆடுவது பெண் என்று குரலில் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை ஆடுகிற எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள். அந்நியர் குரலை அடைத்துவிட்டு, அறிந்த நால்வரோடு மட்டும் பேசு என்பதே அவளுக்கான முதற்குறிப்பாக இருக்கவேண்டிய நிலை.

இனி நம் அன்பர்களிடம் வருகிறேன். இந்த ஆட்டத்தின் வித்து ஒரு நாவல். கௌஷுன் தகாமி 1999இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்ட ‘பேட்டில் ராயல்’; ஒரு பள்ளி வகுப்பையே அரசு ஒரு தீவில் கொண்டுவந்து விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லச் சொல்கிறது. அதிலிருந்து 2000இல் எடுத்த படமே தன் தூண்டுதல் என்று பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீன் சொல்லியிருக்கிறார். நாவலில் பிள்ளைகள் தீவிலிருந்து தப்ப வழி தேடுகிறார்கள். ஆட்டத்தில் வரிசையில் நின்று விமானம் ஏறுகிறார்கள். நாவலில் வில்லனாக இருந்த அரசு ஆட்டத்தில் காணாமற்போய்விட்டது. சுருங்கும் எல்லைக்கோடு மட்டும், யாரோ வரைந்தது என்ற நினைப்பே எழாதபடி, இயற்கையைப் போல மிஞ்சியிருக்கிறது. இதைவிட நல்ல விமர்சனப் பொருள் நம் கைக்கு வருமா? நாமோ ‘இளைய தலைமுறை சீரழிகிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த சிறுகதைக்குப் போய்விடுகிறோம்.

மகாபாரதத்தில் சூதைப் பற்றி அறிவுரை சொல்வோர் இருவர். விதுரர் ஆட்டத்துக்கு முன் வருகிறார். சூது தீது என்கிறார். அத்தோடு அழைப்பையும் சேர்ப்பித்துவிட்டுப் போகிறார். பிருகதசுவ முனிவர் நாடும் செல்வமும் போனபின் காட்டுக்கு வருகிறார். நளன் கதையைச் சொல்லித் தேற்றி, முடிவில் பகடையின் மறைபொருளையே தருமனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். அவன் அதன்பின் விராடன் அவையில் ஆட்டக்காரனாகவே ஓராண்டு இருந்தான், நாடு எதையும் இழக்கவில்லை. நம் கட்டுரையாளர்கள் அனைவரும் விதுரர் கட்சி. ஆட்டத்தைத் தொட்டுப் பார்க்காமல் தீது என்கிறார்கள். பையன் அதைக் கேட்ட கணமே, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சரியாகக் கணித்துவிடுகிறான். நமக்குத் தேவை பிருகதசுவர், அதுவும் காட்டுக்கு முன்னரே.

தடை போதாதா என்பார்கள். பப்ஜி 2020 செப்டம்பரில் தடையானது, 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி நின்றது, 2023 மேயில் மறுபடி வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானபோது அதன் ‘மேக்ஸ்’ வடிவம் அப்படியே இருந்தது. பிள்ளைகளின் பார்வையில் தடை என்பது ஒரு பெயர்மாற்றம்.

ஆகவே ஒரு கைநூல் வேண்டும் என்கிறேன். நாற்பது பக்கம், இருபது ரூபாய். ஆடுகிறவன் மதிக்கும்படி ஆட்டம் தெரிந்தவர் எழுத வேண்டும். எங்கே குதிப்பது, எப்படி மறைவது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். பொம்மையை அடையாளம் காண்பது எப்படி, பருவம் முடிந்ததும் ரேங்க் ஏன் கீழே இறக்கப்படுகிறது, நாள்தோறும் வந்துபோனால் மட்டுமே கிடைக்கும் பரிசு எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றை, திட்டாமல், குதிப்பதைச் சொன்ன அதே குரலில் சொல்ல வேண்டும். தாய்க்கென்று நான்கு பக்கம் பெரிய எழுத்தில். பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழாக்கள் நடத்திப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். விற்பனைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. யாரேனும் முன்வந்தால், யூசியையும் வைரத்தையும் ரூபாயாக்கிக் காட்டும் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.