ஒரே நாளில் ஒரே மலைக்கு: விடுமுறைப் பயணங்களும் மழைக்காலமும்

பாடசாலைத் தவணை விடுமுறை நெருங்கியதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் பேச்சு பயணத்தைப் பற்றியதாகவே இருக்கின்றது. மேலை நாடுகளில் படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகிய யாவும் பொருத்தப்பட்ட கரவன் வண்டிகளில் குடும்பங்கள் ஊர் சுற்றுவதுண்டு. நமது நாட்டில் அந்த இடத்தை வாடகைக்கு அமர்த்தப்படும் வான் நிரப்பி வருகின்றது. உறவினர்கள் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து, பாய், தலையணை, சோற்றுப் பானை, எரிவாயு அடுப்பு சகிதம் புறப்பட்டு, ஆற்றங்கரையில் சமைத்துண்டு, தெரிந்தவர் வீட்டிலோ மலிவான விடுதியிலோ இரவைக் கழித்துத் திரும்புவதே நடுத்தர மக்களின் சுற்றுலாவாகும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் காத்துநின்ற மக்கள் இத்தகைய பயணங்களை ஏறக்குறைய மறந்தே போயிருந்தனர். நிலைமை ஓரளவு சீரடைந்த பின்னர் அவை மீண்டும் ஆரம்பித்திருப்பது வரவேற்கத்தக்கது. வருடம் முழுவதும் உழைப்பவனுக்கு ஓய்வு ஓர் ஆடம்பரமல்ல. ஆயினும் அந்த ஓய்வு வாகன நெரிசலிலும் அடைமழையிலும் சிக்கிச் சீரழிவதும், சில வேளைகளில் உயிரிழப்பில் முடிவடைவதும் ஏன் என்பதைச் சிந்திக்க வேண்டியவர்களாக நாம் உள்ளோம்.

நெரிசல் தானாக உருவாவதில்லை. அதனை உருவாக்குவது நமது நாட்காட்டியே எனலாம். பாடசாலை விடுமுறைகள் வழமையாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் ஆகிய மாதங்களையொட்டியே அமைகின்றன. மாதந்தோறும் வரும் போயா தினம் வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ அமைந்துவிட்டால் மூன்று நாள் தொடர் விடுமுறை கிடைக்கின்றது. அந்த மூன்று நாட்களிலும் கொழும்பிலிருந்தும் ஏனைய நகரங்களிலிருந்தும் புறப்படும் வாகனங்கள் நுவரெலியாவையும் எல்லவையுமே நாடுகின்றன. நாடு சிறியது, மலைப்பாதைகள் ஒடுங்கியவை, ஆயிரக்கணக்கான வாகனங்கள் ஒரே நேரத்தில் ஏறினால் பாதைகள் அடைபடுவதில் வியப்பில்லை.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும் அந்நாட்களில் கம்பளையிலிருந்து இறம்பொடை ஊடாகச் செல்லும் பாதையில் வாகனங்கள் ஊர்ந்தே செல்கின்றன. அறைக் கட்டணங்கள் பன்மடங்காக உயர்கின்றன. குளிர் காற்றைத் தேடிச் சென்ற குடும்பம் வாகனப் புகையைச் சுவாசித்துவிட்டுத் திரும்புகின்றது. 2025 ஏப்ரலில் கண்டியில் புனித தந்ததாது தரிசனத்துக்குக் கட்டுக்கடங்காத கூட்டம் திரண்டபோது, மேலும் எவரும் நகருக்கு வரவேண்டாமெனப் பொலிஸாரே கேட்டுக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. ஒரு நகரம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கு முன்கூட்டியே போடப்பட வேண்டியது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

அடுத்தது மழை. இவ்விடயத்தில் இயற்கை நமக்குப் பாரபட்சம் காட்டவில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றும் வீசுகின்றன. நடுவே மலைத்தொடர் சுவர்போல் நிற்பதனால் ஒருபுறம் நனையும்போது மறுபுறம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளையும், 1,000 மில்லிமீற்றர் அளவிலேயே மழை பெறும் மன்னாரும் இதே சிறிய தீவில்தான் உள்ளன. சோளகம், வாடை, கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டுத் தொழிலை வகுத்துக்கொண்ட நமது கடற்றொழிலாளர்களும் விவசாயிகளும் இதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்தனர். விடுமுறையைத் திட்டமிடும்போது மட்டும் அந்த அறிவை நாம் கைவிட்டுவிடுகின்றோம்.

ஓகஸ்ட் மாதத்தில் ஹட்டன், நோர்வூட் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கையில் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் அமைதியாக இருக்கும். அதே வேளையில் மலைத்தொடரின் மறுபக்கத்திலுள்ள வெலிமடை, பண்டாரவளை பிரதேசங்கள் பெரும்பாலும் வெயிலில் காய்கின்றன. டிசெம்பரிலோ நிலைமை தலைகீழாகின்றது. கிழக்குக் கடல் கொந்தளிக்க, பெந்தோட்டை முதல் மிரிஸ்ஸ வரையான தென்மேற்குக் கரை அமைதியடைகின்றது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்ல விரும்புவோரும் வாடைக்காற்றின் கடுமை தணிந்த பின்னர் செல்வதே உசிதமானது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நாடு முழுவதற்கும் மழை உண்டு. தாழமுக்கங்களும் சூறாவளிகளும் உருவாகும் காலமும் அதுவே. தீபாவளி விடுமுறை இக்காலத்திலேயே வருவதால், அந்நாட்களில் நீண்ட மலைநாட்டுப் பயணங்களைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரலில் காலைப்பொழுது தெளிவாக இருப்பினும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை வருவது வழமை. ஆகவே ஏப்ரலில் மலையேறுவோர் தமது பயணத்தை நண்பகலுக்கு முன்னர் முடித்துக்கொள்வது நன்று.

இவ்விடத்தில் முஸ்லிம் வாசகர்கள் கவனிக்கத்தக்க ஒரு விடயமும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழான் மாதத்தில் விடுமுறை வழங்கப்படுவதால் அவற்றின் தவணைகள் ஏனைய பாடசாலைகளின் தவணைகளிலிருந்து வேறுபடுகின்றன. றமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னகர்ந்து வருவதனால், 2026 முதல் சில வருடங்களுக்கு நோன்புப் பெருநாள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அமைகின்றது. மலையகத்தில் மழை குறைந்ததும் கூட்டம் குறைந்ததுமான காலம் அதுவேயாகும். பெருநாளையொட்டிய சில தினங்களைப் பயன்படுத்தும் குடும்பங்கள், ஏப்ரல் நெரிசலில் அகப்படாமல் அதே நுவரெலியாவைக் குறைந்த செலவில் கண்டு திரும்பலாம். பொங்கல் விடுமுறையில் வடக்கு, கிழக்கிலிருந்து புறப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கும் தென்மேற்குக் கரையோரம் ஏற்றதாக அமையும்.

நெரிசலும் மழையும் தனித்தனியே வரும்போது அவை அசௌகரியங்கள் மட்டுமே. இரண்டும் ஒன்றுசேரும் இடத்தில்தான் ஆபத்து உண்டாகின்றது. மலையுச்சியில் பெய்யும் மழை கீழே ஓடையில் குளித்துக்கொண்டிருப்போரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வானம் வெளுத்திருக்கையிலேயே நீர்மட்டம் திடீரென உயர்ந்து ஆட்களை அடித்துச் செல்கின்றது. நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படும் வேளைகளில் அவற்றுக்குக் கீழேயுள்ள ஆற்றங்கரைகளும் அவ்வாறே பாதுகாப்பற்றவையாகின்றன. ஒரு நாள் அறைக் கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணி இரவோடிரவாக மலைப்பாதைகளில் பயணிக்கும் வழக்கமும் கவலைக்குரியது. 2025 மே மாதத்தில் வெசாக் விடுமுறையையொட்டிய நாளில் கொத்மலை, கெரண்டியெல்லவில் இடம்பெற்ற பஸ் விபத்தில் 20 இற்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதே வருடம் செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில், சுற்றுலா சென்று திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். இவை விடுமுறையில் நிகழ்ந்த துயரங்கள் என்பது வேதனையை மேலும் அதிகரிக்கின்றது.

2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா சூறாவளி இந்நாட்டின் மழைக்கால எச்சரிக்கைகளை எவரும் இனி அலட்சியம் செய்ய முடியாது என்பதை நிரூபித்தது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள் நிற எச்சரிக்கையையும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள் எச்சரிக்கையையும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுமாறு கோரும் சிவப்பு எச்சரிக்கையையும் விடுக்கின்றது. இந்த மூன்று நிறங்களின் பொருளையும் வான் அமர்த்தும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை விடுக்கப்பட்ட பின்னரும் மக்கள் ஏன் புறப்படுகின்றனர்? அறியாமை மட்டுமே இதற்குக் காரணமல்ல. விடுதிக்கும் வானுக்கும் செலுத்திய முற்பணம் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை. பெற்ற லீவை வேறு நாளுக்கு மாற்றவும் இயலாது. பணத்தை இழப்பதா, பயணத்தைத் தொடர்வதா என்ற இக்கட்டில் ஏழைக் குடும்பம் துணிந்துவிடுகின்றது. இதற்கு மேலாக மொழிப் பிரச்சினையும் உண்டு. டித்வா அனர்த்தத்தின்போது தமிழில் எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்ததை நாம் மறந்துவிடலாகாது. அரசகரும மொழியாகத் தமிழ் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ள நாட்டில், உயிர் காக்கும் செய்தி தாமதமாக மொழிபெயர்க்கப்படுவது எவ்வகையிலும் நியாயப்படுத்தக்கூடியதன்று.

இன்னொரு தரப்பினரையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். நாம் ஓரிரு நாட்கள் கண்டு களித்துத் திரும்பும் அதே மலைச்சரிவுகளில்தான் பெருந்தோட்ட மக்கள் லயன் அறைகளில் வருடம் முழுவதும் வாழ்கின்றனர். பயணி பயணத்தை ஒத்திவைக்கலாம். அவர்களால் வீட்டை ஒத்திவைக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டபோது, அப்பகுதி அபாயமானது என்பது ஏற்கனவே சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. விடுமுறைக் கூட்டம் அவர்களிற் சிலருக்கு வருமானத்தைத் தருவது உண்மையே. ஆயினும் அக்கூட்டம் விட்டுச்செல்லும் குப்பையையும், மழை வேளையில் அடைபடும் பாதையினால் வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்ல முடியாத நோயாளியையும் சுமப்பவர்களும் அவர்களே.

ஆகவே சில நடவடிக்கைகள் காலதாமதமின்றி மேற்கொள்ளப்பட வேண்டும். அரச, தனியார் நிறுவனங்கள் ஊழியர்களின் வருடாந்த லீவை ஒரே வாரத்தில் குவியவிடாது பகிர்ந்தளிக்கலாம். செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட பிரதேசத்துக்கான முற்பதிவை இரத்துச் செய்வோருக்கு முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அல்லது வேறு தினத்துக்கு மாற்றிக்கொடுக்க விடுதிகள் கட்டுப்படும் வகையில் விதியொன்று கொண்டுவரப்பட வேண்டும். மலையேறும் வாகனங்கள் நகருக்கு வெளியே நிறுத்தப்பட்டு, உள்ளே பஸ் சேவை நடத்தப்படுமாயின் நெரிசல் வெகுவாகக் குறையும். எச்சரிக்கைகள் மும்மொழிகளிலும் ஒரே வேளையில் வெளியிடப்படுவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

குடும்பங்களும் தமது பங்கைச் செய்யலாம். இடத்தைத் தீர்மானிப்பதற்கு முன்னர் மாதத்தைப் பார்க்க வேண்டும். புறப்படும் தினத்தன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைக் கேட்க வேண்டும்; ஐயமிருப்பின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைக்கலாம். சாரதிக்கு உறக்கம் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். மழைக்கென மாற்றிடம் ஒன்றையும் மனதிற் கொண்டிருந்தால் ஏமாற்றம் குறையும்.

ஒரு பக்கம் நனையும்போது மறுபக்கம் காய்ந்திருக்கும் நாடொன்று நமக்கு வாய்த்திருக்கின்றது. அனைவரும் ஒரே நாளில் ஒரே மலைக்கு ஏற வேண்டுமென்று எந்த நியதியுமில்லை. பிள்ளைகளை மகிழ்விக்கவே பயணம் போகின்றோம். அவர்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பதும் அப்பயணத்தின் ஒரு பகுதியே என்பதைப் பெற்றோரும் அதிகாரிகளும் நினைவிற் கொள்வார்களாக.