கவிழ்ப்பது சரி, அடுத்தது யார்?

1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு மக்களவையில் ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதில் தொடங்கிய நெருக்கடி அது. ஒரிசா முதல்வரான பிறகும் எம்.பி. பதவியை விடாதிருந்த கிரிதர் கமாங் வந்து வாக்களித்தது சரியா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதைவிட முக்கியம், அடுத்த சில நாட்களில் நடந்தது. எதிர்த்து வாக்களித்த 270 பேரால் தங்களுக்கென ஒரு பிரதமரைக் காட்ட முடியவில்லை. காங்கிரஸ் ஆட்சியமைக்க முலாயம் சிங் ஆதரவு தர மறுத்துவிட்டார். மக்களவை கலைந்தது, கார்கில் போரைக் காபந்து அரசு நடத்தியது, தேர்தல் முடிந்து அதே வாஜ்பாய் பிரதமரானார்.

ஓர் அரசை வீழ்த்தும் பெரும்பான்மை வேறு, இன்னோர் அரசை அமைக்கும் பெரும்பான்மை வேறு. நம் அரசமைப்புச் சட்டம் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று சொல்வதோடு 75(3) நின்றுவிடுகிறது. ஜெர்மனி அப்படி விடவில்லை. 1932 செப்டம்பர் 12 அன்று, எதிலும் ஒத்துப்போகாத நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து பாப்பன் அரசுக்கு எதிராக 512க்கு 42 என்று வாக்களித்ததை அந்த நாடு பார்த்திருந்தது. ஆகவே 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தின் 67ஆவது பிரிவில், புதிய சான்சலரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை நீக்க முடியும் என்று வைத்தார்கள். இதுவரை இரண்டே முறைதான் அந்தப் பிரிவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1972இல் பிராண்ட் தப்பினார். 1982 அக்டோபர் 1 அன்று ஷ்மிட் போனார், அதே வாக்கெடுப்பில் கோல் வந்தார். ஒரு நாள்கூட நாற்காலி காலியாக இல்லை. பிரான்சில் இப்படியொரு நிபந்தனை கிடையாது. 2024 டிசம்பர் 4 அன்று இடதுசாரிகளும் தீவிர வலதுசாரிகளும் கைகோத்து, 331 வாக்குகளில் பார்னியே அரசை வீழ்த்தினார்கள். அடுத்து வந்த பேரு அரசு ஒன்பது மாதம்கூட நிலைக்கவில்லை.

1932இல் ஜெர்மனியில் இருந்த வைமார் குடியரசை அந்த ஒரு வாக்கெடுப்பா கொன்றது என்று கேட்பார்கள். இல்லைதான். அதற்கு முன்பே வைமார் அரசமைப்பின் 48ஆவது பிரிவின் அவசரச் சட்டங்களை வைத்து குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தை ஓரங்கட்டியிருந்தார். ஆனால் மாற்று அரசு அமைக்க முடியாத நாடாளுமன்றம்தான் அவருக்கு அந்த வசதியைத் தந்தது. இந்த நிபந்தனை குதிரை பேரத்தை ஒழித்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1972இல் பிராண்டைக் காப்பாற்ற, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைக் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை விலைக்கு வாங்கியிருந்தது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பெரும்பான்மை இழந்த அரசு, மாற்று இல்லை என்ற ஒரே காரணத்தால் பட்ஜெட்கூட நிறைவேற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்குமே? அதற்கு அடிப்படைச் சட்டத்தின் 68ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. சான்சலரே நம்பிக்கை வாக்குக் கேட்டுத் தோற்றால் தேர்தலுக்குப் போகலாம். கூட்டணி உடைந்து தவித்த ஷோல்ஸ் 2024 டிசம்பரில் அதைத்தான் செய்தார். பிப்ரவரியில் தேர்தல் முடிந்துவிட்டது.

இந்தியாவுக்கு இது புதிய யோசனை அல்ல. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தோடு மாற்றுத் தலைவரின் பெயரும் வர வேண்டும், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வாக்கெடுக்க வேண்டும் என்று வெங்கடாசலய்யா ஆணையம் 2002இலேயே பரிந்துரைத்தது. பரிந்துரை அப்படியே கிடக்கிறது. அதை எடுத்துச் செயல்படுத்துவதானால், அவை விதிகளில் திருத்தம் செய்வதோடு நிறுத்தக் கூடாது. 1999இல் எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொண்டுவரவில்லை. ஆதரவு விலகல் கடிதத்தைப் பார்த்து, நம்பிக்கை வாக்குக் கோரும்படி குடியரசுத் தலைவர்தான் பிரதமரிடம் சொன்னார். மாநிலங்களில் ஆளுநர்கள் இதே பின்வாசல் வழியில்தான் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொல்கிறார்கள். மாற்று அரசுக்கான பெயரும் எண்ணிக்கையும் கையில் இல்லாமல் அப்படிச் சொல்லக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதினால்தான், முன்வாசலில் போடும் பூட்டுக்குப் பொருள் இருக்கும்.