வெற்றிலை மாற்றுவதற்கு முன்

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறந்த மண்ணின் குணம் வெற்றிலைக்குப் பெருமை சேர்க்கிறது. எங்கள் பக்கம் அதே வெற்றிலையைத் தட்டில் வைத்துச் சம்பந்தம் பேசும்போது, பெண்ணின் உதட்டோரம் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் போதும், "யார் வழியில வந்தது?" என்கிறார்கள். பெண்ணுக்கு மட்டும் பிறப்பு குற்றமாகிவிடுகிறது. விரல் நீளுவதோ அவள் தாயை நோக்கி.

வெண்குஷ்டம் என்ற பெயரே பொய். தொழுநோய் கிருமியால் வருவது. வெண்புள்ளிக்குக் கிருமி கிடையாது. உடலின் எதிர்ப்பாற்றலே தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிப்பதால் வருவது. தொட்டால் ஒட்டாது. தமிழக அரசு 2010இல் அந்தப் பழைய சொல்லை விலக்கி, 'வெண்புள்ளி' என்றே அழைக்க ஆணையிட்டது. அந்த ஆணை நம் வீட்டுத் திண்ணைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மரபணுவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தபோது, மற்றவருக்கும் இருந்தது 23 விழுக்காடுதான். மரபணு விதியல்ல. அது தந்தை வழியிலும் வருகிறது. பிறகு தாயை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த அறிவியல்?

சிகிச்சை இருக்கிறது. களிம்புகள், புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை, பரவாமல் நின்றுவிட்ட புள்ளிகளுக்குத் தோல் ஒட்டு. முகத்தில் நிறம் ஓரளவு எளிதாகத் திரும்பும்; விரல் நுனிகளில் கடினம். கதிர்ச் சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் போக வேண்டும். உப்பளத்தில் நாள்கூலி வாங்கும் பெண் எந்தக் கூலியை விட்டுப் போவாள்? நிறமிழந்த தோலை வெயில் சீக்கிரம் சுடும். பாத்தியில் நிற்பவளுக்கு அதுதான் முதல் வலி. அதைப் பற்றி எந்தச் சம்பந்தியும் கேட்பதில்லை.

வீட்டிலும் வைத்தியம் கல்யாணம் வரைதான். தாலி ஏறியதும் களிம்பு வாங்குவது நின்றுவிடுகிறது. அதுவரை நடந்தது அவள் உடலுக்கான மருத்துவமா, சந்தைக்குப் போகும் சரக்குக்குப் பூசிய மெருகா?

நாம் கேட்பது இதுதான்: வேலை முடிந்து வரும் பெண்ணுக்கும் கதவு திறந்திருக்கும் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவு, கூலி இழக்காத நேரம், சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று அவளே சொல்லும் உரிமை. புள்ளியோடு வாழ்வேன் என்றால் அதுவும் அவள் முடிவு.

இனி "யார் வழி?" என்று கேட்பவர்களிடம் வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுங்கள்.