தலைப்பின் தலையெழுத்து

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமில்லை, ஆங்கிலத்திலோ உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். வேதியியல் ரெக்கார்டு நோட்டில் ஒரு தலைப்பை முழுதும் பெரிய எழுத்திலும், அடுத்ததை வேறு விதமாகவும் எழுதினேன். நோட்டு சிவப்பு மையோடு திரும்பியது. வீட்டில் கேட்க ஆளில்லை; நூலகத்தில் தேடினேன்.

அங்கே கண்டது, ஒரே சட்டம் என்று எதுவும் இல்லை என்பதே! முக்கியச் சொற்களையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்குவது ஒரு முறை. முதற்சொல்லையும் சிறப்புப் பெயர்களையும் மட்டும் அவ்வாறு தொடங்குவது மற்றொரு முறை. முன்னதற்கு எது ஆர்ட்டிகிள், எது பிரிபொசிஷன் என்று தெரிய வேண்டும், பின்னது எளிது. முழுதும் பெரிய எழுத்தோ அறிவியலுக்கே ஆபத்து. பெரிய 'சி', சிறிய 'ஓ' என்றால் கோபால்ட். இரண்டும் பெரியதானால் கார்பன் மோனாக்சைடு. உலோகம் நச்சுவாயு ஆகிவிடுமே!

ஆகவே, ஒவ்வொரு துறையும் எளிய முறையொன்றைத் தேர்ந்து, ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே அறிவிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. வழியைக் காட்டாமல் 'வழி தவறினாய்' என்பது முறையா? நண்பர்களே, நாம் சலுகை கேட்கவில்லை, விதியைத்தான் கேட்கிறோம்.