கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்கவும்

தில்லைநகரிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: 'கெர்னல் கோடு எழுதறப்ப அடாமிக் ஆபரேஷன் போட்டுட்டா நிம்மதியாத் தூங்கலாமா ஸார்?' தூங்கலாம், அரைத் தூக்கம். மீதி அரை பற்றி இந்த வாரம்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் ஒரு ரேழி வீட்டில் பேச்சிலர்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு சிலேட்டு. வருகிறவர் ஒன்று கூட்ட வேண்டும். போகிறவர் ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்யமாக்கினவர் விளக்கை அணைத்துப் பூட்ட வேண்டும். கெர்னலில் இதற்கு ரெஃபரன்ஸ் கவுண்ட் என்று பெயர். ஒரு மெமரித் துண்டை எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்கிற கணக்கு. பூஜ்யமானால் துண்டு வேறு ஆளுக்குப் போய்விடும்.

சிலேட்டில் 2. ரங்கனும் கிச்சாவும் ஒரே சமயத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள், இரண்டு ப்ராசஸர்கள் மாதிரி. ரங்கன் 2-ஐப் பார்த்து சாக்பீஸ் தேடுவதற்குள் கிச்சாவும் 2-ஐப் பார்த்துவிடுகிறான். இருவரும் 1 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ராத்திரி பூரா காலி வீட்டில் விளக்கு எரிகிறது. அடாமிக் என்றால் பார்ப்பது, கழிப்பது, எழுதுவது மூன்றும் ஒரே மூச்சில். நடுவே யாரும் கை வைக்க முடியாது, ஹார்டுவேர் பார்த்துக்கொள்ளும்.

சரி, இருவரும் அடாமிக்காகவே கழிக்கிறார்கள். பிறகு தனியாக ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். ரெண்டு பேர் கண்ணுக்கும் 0! ரெண்டு பேரும் பூட்டுகிறார்கள். கெர்னலில் இது ஒரே மெமரியை இரண்டு தடவை விடுவிப்பது. இடையில் குடிவந்தவன் பாத்திரம் பண்டமெல்லாம் போச்சு. அதனால்தான் லினக்ஸில் 'கழி, பூஜ்யமாச்சான்னும் சொல்லு' என்று சேர்த்தே ஓர் ஆபரேஷன் உண்டு. 'ஆமாம்' என்ற பதில் ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். அதேபோல் வருகிறவருக்கு, 'பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு'. பூட்டின வீட்டுக்குள் போய் உட்காரக்கூடாது பாருங்கள்.

இத்தனையும் செய்தாலும் ஆபத்து உண்டு என்பது 2016 ஜனவரியில் தெரிந்தது. லினக்ஸ் கெர்னலில் சாவிக்கொத்துகளைப் பராமரிக்கும் பகுதி. கையில் இருக்கிற அதே கொத்தை மறுபடி கேட்டால் ஒன்று கூட்டும், கழிக்க மறந்துவிடும். சிலேட்டோ 32 பிட். சுமார் 429 கோடி தடவை கேட்டால் எண் ஒரு சுற்று சுற்றிப் பழைய அம்பாஸடர் மீட்டர் போலப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். உள்ளே ஆள் இருக்கும்போதே வீடு காலி என்று கெர்னல் முடிவுகட்ட, அந்த இடத்தில் வேறொருவன் புகுந்து கம்ப்யூட்டருக்கே எஜமானன் ஆகலாம். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு கூட்டலும் அடாமிக்தான்!

2017-ல் வந்த 4.11 கெர்னலில் இந்த மாதிரிக் கணக்குக்கென்றே 'ரெஃப்கவுண்ட்' என்று தனி சிலேட்டு கொடுத்தார்கள். உச்சத்துக்குப் போனால் சுற்றாது, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டை அப்புறம் யாரும் பூட்ட மாட்டார்கள். கரண்ட் பில் ஏறும். திருடன் வருவதற்கு அது தேவலை.

ஆக, வெறும் புள்ளிவிவரத்துக்கு சாதா அடாமிக் போதும். உயிர்க்கணக்குக்கு ரெஃப்கவுண்ட். ரெண்டு மூன்று விஷயங்கள் சேர்ந்து மாற வேண்டுமென்றால் எதுவும் யோசிக்காமல் லாக் போடுங்கள். டோக்கன் முறை உள்ள ஒற்றைத் தண்டவாளத்தில் டிரைவர் கையில் டோக்கன் வராமல் ரயிலை எடுக்கமாட்டாரே, அதே வைத்தியம்.

ஆளுக்கொரு டோக்கனைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் கொடுக்கட்டும் என்று ரெண்டு பேரும் காத்திருந்தால்? அதற்கு டெட்லாக் என்று பெயர். கல்யாணமானவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அடுத்த வாரம்.